அமிலத்தில் தண்ணீரா, தண்ணீரில் அமிலமா?

"மச்சான், அமிலத்தைத் தண்ணியில ஊத்தணுமா, தண்ணியை அமிலத்துல ஊத்தணுமா?"

கூடத்திலிருந்து வந்த கேள்வியைக் கேட்டதும், அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஜொஹராவின் கை நின்றது. நேற்றும் இதே கேள்வி. முந்தாநாளும் இதே கேள்வி.

"தண்ணியிலதான் அமிலத்தை ஊத்தணும், இஃபாத். அதுவும் கொஞ்சம் கொஞ்சமா. மாத்தி ஊத்துனா சூடு தாங்காம மூஞ்சியில தெறிச்சிடும்" என்றார் மருமகன் அஜ்மீர், சற்றும் அலுப்பில்லாமல்.

"இப்பப் புரிஞ்சிடுச்சு மச்சான்."

நாளை விடிந்தால் மறந்துவிடுவாள் என்று ஜொஹரா பெருமூச்சு விட்டாள்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வாசலில் வந்து நிற்கிறது. சின்ன வகுப்பிலிருந்து முதல் மதிப்பெண்ணை யாருக்கும் விட்டுக்கொடுக்காத இளைய மகள் இஃபாத்துக்கு, இப்போது மட்டும் என்ன நேர்ந்தது? எவ்வளவு யோசித்தும் ஜொஹராவுக்குப் பிடிபடவில்லை.

ஒருவேளை சொல்லித் தருபவரிடம்தான் கோளாறோ?

அஜ்மீர், மூத்தவள் பஹீமாவின் கணவர். ஷார்ஜாவில் அவர் வேலை பார்த்த பெயின்ட் தொழிற்சாலையை மூடிவிட்டதால் ஊர் திரும்பி, மாமியார் வீட்டில் தங்கியிருக்கிறார். மாப்பிள்ளை பெண் வீட்டில் தங்குவது அவர்கள் குடும்ப வழக்கம். மாமியார் அவரிடம் நேரில் பேசாமல், திரைச்சீலைக்கு இந்தப் பக்கமிருந்து மகள் வழியாகவே பேசுவதும் வழக்கம்.

"மாப்பிள்ளை வீட்டோட இருக்கறது நம்ம வழக்கந்தான். வேலையில்லாம வீட்டோட இருக்கறது எந்த வழக்கம்?" என்று, அவர் வந்த புதிதில் பஹீமாவிடம் ஜொஹரா கேட்டதுண்டு.

இன்றும் பஹீமாவைத்தான் அழைத்தாள்.

"உன் மாப்பிள்ளைக்குச் சொல்லித் தரத் தெரியலையா, உன் தங்கச்சி மண்டையில ஏறலையா?"

"அவரு நல்லாத்தான் சொல்றாரு உம்மா. நம்ம வீட்டுப் பூனைக்குச் சொல்லியிருந்தாக்கூட இந்நேரம் பரீட்சை எழுதியிருக்கும்."

அதற்குமேல் ஜொஹராவுக்குப் பொறுக்கவில்லை. அன்று மாலையே துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, இஃபாத்தின் அறிவியல் ஆசிரியை சில்வியா வீட்டுக்குப் போனாள்.

"பரீட்சை முடியற வரைக்கும் நீங்கதான் டீச்சர் டியூஷன் எடுக்கணும்."

"யாருக்குங்க?"

"இஃபாத்துக்குத்தான். ஒண்ணுமே புரியலைங்கறா."

சில்வியா சிரித்துவிட்டார்.

"திருப்புதல் தேர்வுல வகுப்புலயே அவதான் முதல். படிப்பு விடுமுறை விடறவரைக்கும் மத்தியானத்துல மத்த பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துனதும் அவதான். இன்னும் கொஞ்ச நாள் போனா என் நாற்காலியையே கேட்பா."

"இல்லீங்க டீச்சர், அந்த அமிலம், தண்ணி..."

"அது அவளுக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும்."

வந்த குழப்பம் இரட்டிப்பாகி ஜொஹரா வீடு திரும்பினாள். நுழைந்ததும் இஃபாத்தைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போனாள்.

"தெரிஞ்சதையே தெரியாத மாதிரி தினம் கேக்கறியே, வேலை போன மனுஷனை நையாண்டி பண்றியா? வீட்டு மாப்பிள்ளைக்கு நீ குடுக்கற மரியாதை இதுதானா?"

"மெதுவா பேசுங்க உம்மா. மச்சான் காதுல விழுந்திடப் போவுது."

"விழட்டுமே."

"ஏற்கெனவே ஒரு தடவை விழுந்துதான் இவ்வளவும்."

ஜொஹரா புரியாமல் பார்த்தாள்.

"வேலையில்லாம வீட்டோட இருக்கறது எந்த வழக்கம்னு பஹீமா லாத்தாகிட்ட கேட்டீங்களே, அப்ப மச்சான் திரைக்கு அந்தப் பக்கந்தான் நின்னாரு. மறுநாள்லேர்ந்து பசியாறக்கூட உக்காராம, விடிஞ்சதும் பட்டினச்சேரிக் கடற்கரைக்குப் போயிடுவாரு. லாத்தா கேட்டா, காத்து வாங்கப் போனேன்னு சொல்லுவாரு."

மூடி வைத்த இடியாப்பம் மதியம்வரை காய்ந்து கிடந்ததும், நம் வீட்டுக் கைப்பக்குவம் மாப்பிள்ளைக்கு இறங்கவில்லை என்று தான் குறைபட்டுக்கொண்டதும் ஜொஹராவின் நினைவுக்கு வந்தன.

"ஒரு நாள் வாசல்ல மறிச்சு, பாடம் புரியல மச்சான்னு நின்னேன். அன்னைக்குத்தான் உக்காந்து பசியாறினாரு. எல்லாம் புரிஞ்சிடுச்சுன்னு நான் சொல்லிட்டா, நாளைக்கு அவரு மறுபடியும் எங்க போவாரு உம்மா?"



மறுநாள் காலை, கூடத்தில் அஜ்மீர் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தார். பஹீமா எடுத்துப் போக வேண்டிய இடியாப்பத் தட்டை ஜொஹரா தன் கையில் வாங்கிக்கொண்டாள். திரைச்சீலையை ஒதுக்கி வந்து, மருமகன் முன் வைத்தாள். அஜ்மீர் பதறி எழப் போனார்.

"உக்காருங்க மாப்பிள்ளை" என்றாள். கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிப்போன அந்தப் பாடத்தைத் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அந்த அமிலத்தைத் தண்ணியில ஊத்தணுமா, தண்ணியை அமிலத்துல ஊத்தணுமா? இத்தனை நாள் கேட்டும் எனக்குப் புரியவே மாட்டேங்குது."