டாக்டரைக் குத்தியவர்

"டாக்டரைக் குத்தினது நான்தான் சார். என் பேரை எழுதிக்குங்க" என்றார் சைக்கிள் கடை பீர் முஹம்மது.

சுந்தரராமனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

டாக்டர் சிதம்பரநாதனின் கோபாலபுரம் வீட்டை நினைவு இல்லமாக்கி இன்னும் வெள்ளையடித்த வாசனைகூடப் போகவில்லை. வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சுந்தரராமன்தான் அதற்குப் பொறுப்பு.

டாக்டர் டிஸ்பென்சரி வைத்திருந்த தெருவில், வெகு காலம் முன்பு, ஓர் ஊர்வலத்தை வைத்து இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கைகலப்பு. நடுவில் புகுந்து விலக்கப் போன டாக்டரின் விலாவில் யாரோ கத்தியை இறக்கிவிட்டார்கள். எப்படியோ பிழைத்தார். தையல் பிரிக்கும் முன்பே வீடு வீடாகப் போய் இரண்டு பக்கத்தையும் சமாதானம் பண்ணினார். குத்தியது யார் என்று மட்டும் போலீஸ் எத்தனை கேட்டும் வாயைத் திறக்கவில்லை. அதன்பின் அவர் கண்ணை மூடும்வரை அந்தத் தெருவில் ஒரு சண்டை கிடையாது.

அன்று அவர் போட்டிருந்த சட்டை இப்போது நினைவு இல்லத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: குத்தியது யார்?

நினைவு இல்லக் கமிட்டித் தலைவர் நல்லசிவம், தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெயர் தெரியவில்லை என்றால் போகிறது, எந்தப் பக்கத்து ஆள் என்றாவது விசாரித்துச் சட்டைக்குக் கீழே எழுதி வையுங்கள், சரித்திரம் அரைகுறையாக இருக்கக் கூடாது என்று.

சுந்தரராமனும் அந்தத் தெருவுக்குப் போய்ச் சில கடைகளில் விசாரித்துவிட்டு வந்திருந்தார். மறுநாள் காலையிலேயே அந்தத் தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பீர் முஹம்மது வந்து நிற்கிறார்.

சுந்தரராமனுக்கு அருவருப்பாக இருந்தது. டாக்டர் கையால் எத்தனை வருஷம் மருந்து வாங்கிச் சாப்பிட்ட மனிதர்! எந்தக் கத்தி என்று கேட்டார்.

டயர் அறுக்கிற கத்தி என்றார் பீர் முஹம்மது. படியிறங்கும்போது திரும்பி, "எதிர்ப்பக்கத்து ஆளுங்க மேல மட்டும் எழுதிடாதீங்க சார்" என்றார்.

மத்தியானம் சட்டைக்குக் கீழே வைக்கும் அட்டையை எழுத உட்கார்ந்தபோது இன்னொருவர் வந்தார். அதே தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் அய்யாதுரை.

"ஐயா, டாக்டரைக் குத்துனது நான்தான். பாய்மாரு பக்கம்னு எழுதிராதீங்க."

சுந்தரராமன் பேனாவைக் கீழே வைத்தார். எந்தக் கத்தி என்று அவரையும் கேட்டார்.

"வெல்லம் வெட்டுற கத்தி" என்றார் அய்யாதுரை.

அவர் போனபிறகு சுந்தரராமன் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் போய் நின்றார். சட்டையில் கிழிசல் ஒன்றுதான். அதற்கு இரண்டு கத்தி, இரண்டு ஆள். யார் சொல்வது பொய்? கௌரவத்துக்காகப் பொய் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறார். இப்படி ஒரு கெட்ட பெயருக்கு இரண்டு பேர் போட்டி போடுவார்களா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது.

டாக்டரின் மனைவி சரோஜாதேவியைக் கேட்டால்தான் தீரும் என்று சாயங்காலம் அடையாறுக்கு பஸ் ஏறினார். அந்த அம்மாள் மகள் வீட்டில் இருந்தார். சுந்தரராமன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

சரோஜாதேவி லேசாகச் சிரித்தார். உடனே கண் கலங்கிவிட்டது.

"அவங்க ரெண்டு பேரும் கத்தியைத் தொட்டதே இல்ல. விழுந்து கெடந்தவரை மளிகைக்கடைக் கைவண்டியில போட்டு, ஒருத்தர் இழுக்க ஒருத்தர் தள்ள, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவங்களே அவங்கதான்."

"பின்னே ஏன்மா இப்படிச் சொல்லணும்?"

"எந்தப் பக்கத்து ஆளுன்னு நீங்க எழுதி வச்சா, நாளைக்கே அந்தத் தெரு மறுபடி ரெண்டாயிடும். அந்தப் பழி தெரு மேல விழாம தன்னோட போகட்டும்னு ஆளுக்கு ஆள் வந்திருக்காங்க."

இருவரும் வந்த காரணம் சுந்தரராமனுக்குப் புரிந்தது. ஆனால் குழப்பம் தீர்ந்தபாடில்லை. அட்டை இன்னும் காலியாகத்தானே கிடக்கிறது? நாளைக்கு நல்லசிவம் வந்து நிற்பாரே?

"அப்படின்னா குத்தினது யாரும்மா? டாக்டர் உங்ககிட்டயாவது சொன்னாரா?"

"சொன்னார். என்கிட்ட மட்டும்."

சுந்தரராமனுக்கு உயிர் வந்தது. நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். கமிட்டியில் விடமாட்டார்கள், ஒரு பெயர் எழுதியே ஆகவேண்டும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

சரோஜாதேவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எழுதியே ஆகணும்னா, சரோஜாதேவின்னு எழுதிக்குங்க."