மலையைவிடப் பெரிய கை

கார் விழுந்தது. கை வரவில்லை.

"கை!" என்று கத்துவதற்காக அரங்கு முழுவதும் வாயைத் திறந்து வைத்திருந்தோம். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

திரையில் மலை மட்டும் இருந்தது. சுத்தமான மலை. அடுத்த காட்சியில் கதாநாயகன் தலைமுடி கலையாமல் நடந்து வந்தான்.

வருஷத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சியாக இந்தப் படத்தைப் போடுவார்கள். எப்போதோ வந்து, வந்த வேகத்தில் பெட்டிக்குத் திரும்பிய சண்டைப் படம். மோசமான படம் என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து கிடையாது. அதற்காகத்தான் வருகிறோம்.

செத்துக்கிடக்கும் அடியாள் மூக்கைச் சொறிவான். கதாநாயகன் பறக்கும்போது இடுப்புக் கயிறு தெரியும். வில்லனின் ஒட்டுமீசை இடைவேளைவரை ஒரு பக்கம் தொங்கும், அப்புறம் மறுபக்கம்.

நல்ல படத்தில் அதைச் செய்தவர்கள் கண்ணில் படமாட்டார்கள். இந்தப் படத்தில் எங்கே பார்த்தாலும் ஆட்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் கை.

வில்லனின் கார் மலையிலிருந்து உருளும். கார் என்பது பொம்மை. மலை என்பது அட்டை. கார் இடித்த வேகத்தில் ஒரு பாறை சாயும். உடனே திரையின் ஓரத்திலிருந்து, சட்டையை முழங்கைவரை மடித்துவிட்ட ஒரு கை உள்ளே வரும். பாறையை நிமிர்த்தி வைக்கும். சரியாக நிற்கிறதா என்று இரண்டு தட்டு தட்டும். போய்விடும்.

இருந்தது ஒரே ஒரு கார். அதுவும் விழுந்து நொறுங்கிவிட்டது. மறுபடி எடுக்க வழியில்லாமல் அப்படியே விட்டுவிட்டார்கள்.

இப்போது துடைத்துவிட்டார்கள்.

"பழுது நீக்கிய புத்தம்புதிய பிரதி" என்று வாசலில் ஒட்டியிருந்ததை நானும் பார்த்தேன். கீறல்களைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். கயிறு காணாமல் போயிருந்தது. மூக்கைச் சொறிகிறவன் ஒழுங்காகச் செத்துக்கிடந்தான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"படத்தை நிறுத்துங்க!"

கத்தியது நான்தான்.

விளக்குகள் எரிந்தன. மேனேஜர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"என்னம்மா, உடம்புக்கு ஏதாவதா?"

"என் உடம்பு நல்லாத்தான் இருக்கு. கை எங்க?"

"எந்தக் கை?"

பின்வரிசையில் யாரோ தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

மேனேஜருக்குப் புரிந்தது. முகம் மலர்ந்துவிட்டது, பாவம். "ஓ, அதுவா? அது தப்பும்மா. கம்ப்யூட்டர்ல போட்டு எல்லாத் தப்பையும் எடுத்துட்டாங்க. இப்பப் படம் எவ்வளவு நீட்டா இருக்கு பாருங்க."

"நீட்டா இருக்கணும்னு உங்ககிட்ட யார் வந்து அழுதா?"

என் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்தார். மற்ற நாட்களில் பல் டாக்டர். இங்கே அவருக்கு விசில் என்று பெயர். "தப்பை எல்லாம் எடுத்துட்டா இந்தப் படத்துல மிச்சம் என்ன சார் இருக்கு? இடைவேளையா?"

அரங்கு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மலை தானாக முளைத்ததா? அட்டையை வெட்டி, பழைய செய்தித்தாளைப் பசையில் ஊறவைத்து ஒட்டி, சாம்பல் நிறம் பூசி ஒரு மனுஷன் வளர்த்த மலை. பாறை சாய்ந்தால் அவர் நிமிர்த்தத்தானே செய்வார்? டைட்டிலில் டீ கொடுத்தவர் பெயர்கூட வருகிறது. மலை செய்தவர் பெயர் வரவில்லை. இருந்தது ஒரு கை. மலையை வைத்துக்கொண்டு ஆளைத் துடைப்பது எந்த ஊர் நியாயம்?

இதையெல்லாம் நான் அங்கே சொல்லவில்லை. "கை வராம இங்கிருந்து நகரமாட்டேன்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

மேலே ஆபரேட்டர் சின்ன ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "பழைய ரீல் இங்கதான் கிடக்கு. கோடு கோடா விழும். பரவால்லையா?"

"விழட்டும்!" என்றது அரங்கு.

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நல்லதுக்குக் காலமில்லய்யா" என்று முனகியபடி விளக்கை அணைக்கப் போனார்.

இருட்டில் விசில் என் பக்கம் சாய்ந்தார். "அக்கா, வழக்கம்போல நீங்கதான் மொதல்ல எந்திரிக்கணும். நாங்க பின்னாலயே எந்திரிச்சிடறோம்."

கை வரும்போது எழுந்து நிற்பது இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. நான் ஆரம்பித்தது என்று அவர்கள் சொல்வார்கள். முதல் வருஷம் நான் எழுந்ததைப் பார்த்து விளையாட்டுக்கு எழுந்தவர்கள், இன்றுவரை விடவில்லை.

கோடுகள் மழைபோல விழுந்தன. மழைக்கு நடுவே மலை தெரிந்தது. கார் உருண்டது. பாறை சாய்ந்தது.

வந்தது. மடித்துவிட்ட சட்டை. விரல் இடுக்கில் காய்ந்த பசை.

"கை!"

நிமிர்த்தி வைத்தது. இரண்டு தட்டு.

எழுந்துவிட்டேன். என் பின்னால் நாற்காலிகள் படபடவென்று மடங்கின. விசில் காதைக் கிழித்தது. என் கால் பாதி அடி முன்னால் போய்விட்டிருந்தது, எப்போதும் போய்விடும்.

எங்கள் வீட்டு வாசலில் அழைப்பு மணி உண்டு. வேலை முடிந்து வரும்போது, இருந்தவரை, அவர் அதை ஒருநாளும் அழுத்தியதில்லை. கதவில் இரண்டு தட்டுதான்.