இரண்டாவது குரல்

“ஒதிலோன் யெஸ்காஸ்!” என்று ஊர்ச்சபைச் செயலாளர் தெல்ஃபினா பேர் வாசித்ததும், பழக்கதோஷத்தில் “இருக்கேன்!” என்று கத்திவிட்டேன்.

ஜலதோஷம் பிடித்த சேவலின் குரலில்.

கத்திய பிறகுதான் உறைத்தது. என் சிநேகிதன் ஒதிலோன் என் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

சபை சிரித்த சிரிப்பில் மலைக்கு அந்தப் பக்கம் மரங்கொத்திகள் வேலையை நிறுத்தியிருக்கும்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று பட்டியலிலிருந்து பேர் நீக்கும் நாள். காட்டு வேலைக்கு வராதவனுக்குக் காட்டில் உரிமை இல்லை. வீடு கட்ட மரமும் கிடையாது. ஒதிலோனோ நாற்பத்தோரு வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸில் தட்டு கழுவிவிட்டு, இனி இங்கேதான் என்று முந்தாநாள் பஸ்ஸிலிருந்து இறங்கியவன். ஒரு பெட்டி, இரண்டு கெட்ட முழங்கால்கள்.

அவன் ஊரைவிட்டுப் போன அந்த வருஷம் எங்கள் மலை மொட்டை. காகிதக் கம்பெனி ஒன்று இருபத்தைந்து வருஷம் மழித்துவிட்டுப் போயிருந்தது. ஒரு கொசு ஒதுங்கக்கூட நிழல் இல்லை.

காட்டை இனி நாமே பார்த்துக்கொள்வோம் என்று ஊர் முடிவு செய்து, எல்லோரையும் தெக்கியோவுக்கு, அதாவது ஊர்ப்பொது வேலைக்கு, அழைத்தது. கூலி கிடையாது. வீட்டுக்கு ஓர் ஆள், ஆளுக்கு நூறு பைன் கன்று. பேர் வாசிக்கும்போது பதில் சொல்லிவிட்டுக் கன்றை வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் ஒதிலோன் பேரை வாசித்தார்கள். யாரும் பேசவில்லை.

அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. குரலை மாற்றிக் கத்தினேன்.

“இருக்கேன்!”

இருநூறு கன்று நட்டேன். மறுநாள் என் முதுகு வளைந்த வளைவில் என் குதிகாலை நானே நேருக்கு நேர் பார்த்தேன். மதியச் சாப்பாட்டில் அவன் பங்குத் தோர்த்தியா ரொட்டியையும் தின்றேன்; அது நியாயம்தானே.

அப்புறம் விட முடியவில்லை. நெருப்பு பரவாமல் இருக்கப் புதரை வெட்டி இடைவெளி விட இரண்டு பங்கு. நெருங்கி வளர்ந்ததைக் களைய இரண்டு பங்கு. வண்டு துளைத்த மரங்களின் பட்டையை உரிக்க இரண்டு பங்கு. என்ன காலம் அது! நகக்கண்ணில் ஏறிய பிசின் வாசனை ஈஸ்டர் வரைக்கும் போகாது.

இன்று அந்தப் பைன்களின் உச்சியை அண்ணாந்து பார்த்தால் தொப்பி கழன்று விழும். ஊருக்குச் சொந்த மர மில் இருக்கிறது. பிள்ளைகள் வேலை தேடி வடக்கே அமெரிக்காவுக்கு ஓடுவதில்லை.

இத்தனை வருஷத்தில் ஒரு பயலுக்கும் சந்தேகம் வரவில்லை என்று எனக்கு ஒரே பெருமை. அவ்வளவு திறமையான குரல்!

எல்லாம் ஒரு நொடியில் போச்சு.

“என் பேருக்கு நீ ஏண்டா கத்தின?” என்று ஒதிலோன் கிசுகிசுத்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

“வாயை மூடிட்டு எந்திரி.”

எழுந்தான். நானும் எழுந்து, “தப்பு என்னோடது, அவன் பேரை அடிச்சிராதீங்க” என்று ஆரம்பித்தேன்.

“உக்காருங்க பெரியப்பா. உங்க சேவல் குரலை என் ஆறு வயசுப் பொண்ணு உங்களவிட நல்லாப் பண்ணுவா” என்றாள் தெல்ஃபினா. பழைய நோட்டுகளைப் புரட்டினாள். “ஒதிலோன் மாமா. நாப்பத்தோரு வருஷம். ஒரு நாள்கூடத் தவறல. பேர் இருக்கு.”

என் நெஞ்சிலிருந்து ஒரு லாரி மரம் இறங்கியது.

“உங்களுக்குத்தான் பதினோரு நாள் குறையுது பெரியப்பா. தொண்ணூத்தெட்டுல. குடலிறக்க ஆப்பரேஷன்.”

ஆமாம். நடவு மாதம். ஒஹாக்கா ஆஸ்பத்திரியில் மல்லாந்து கிடந்தேன்.

நோட்டுப்படி அந்தப் பதினோரு நாளும் ஒதிலோன் வந்திருக்கிறான். நாளுக்கு நூறு கன்று நட்டிருக்கிறான்.

மெதுவாகப் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

நூற்றெண்பது பேரும் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நல்ல கூரைதான். எங்கள் பைன்.