நடுக்கட்டத்துத் துணி

எட்டுக் கட்டமும் உட்கார்ந்துவிட்டன. நடுக்கட்டம் மட்டும் காலி.

சல்கின் நிறைமாத வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி கம்பளத்தின் மேல் குனிந்தாள். சிவப்புக்குப் பக்கத்தில் சிவப்பு விழாமல், பிள்ளைப் போர்வைக்கான ஒட்டுத்துணிக் கட்டங்களை நாலாவது தடவையாக மாற்றி அடுக்கினாள்.

ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு சாவுத்துணி. எண்பதைத் தாண்டியவர் போனால், வந்தவர்களுக்கெல்லாம் புதுத்துணியைக் கையால் கிழித்துக் கொடுப்பார்கள். அதைத் தைத்துப் போர்த்தினால் அந்த ஆயுசு பிள்ளைக்கு வரும். கத்தரி பட்டால் பலிக்காது.

முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் அவள் கடைத்துணியில் தைத்தாள். ஒன்று நாற்பது நாள் இருந்தது. மற்றது அதுகூட இல்லை.

இந்தத் தடவை மூத்த ஓரகத்தி புரூல் பை நிறையக் கொண்டுவந்தாள். காரசூ சந்தையில் வெல்வெட் விற்கிறவள். அவள் போகாத சாவு கிடையாது.

"இது தொண்ணூத்தொண்ணுடி. இது எண்பத்தாறு, கடைசிவரைக்கும் எலும்பு கடிச்ச பல்லு. இது எண்பத்தொம்பது. எங்கிட்ட விலையக் குறைச்சுக் குறைச்சே ஆயுசைக் கூட்டிக்கிட்ட கிழவி."

இப்படிப் பேசினால் முதலில் சிரிப்பதும் புரூல்தான். இன்று சிரிக்கவில்லை.

ஒரு வாரமாக வீட்டில் யாருமே சிரிக்கவில்லை. புருஷன் சாப்பிடும்போது தட்டைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து ரொட்டியை வைத்துவிட்டு, வயிற்றைப் பார்த்துவிட்டு, உட்காராமல் போகிறார்கள். நாரின் ஊரில் அப்பா வீட்டுக்குப் போன் போட்டால் அண்ணன்தான் எடுக்கிறான். அப்பா தூங்குகிறாராம். எப்போது போட்டாலும் தூங்குகிறாராம்.

சரக்கெடுக்கப் போகிறேன் என்று போன புரூல், மூன்று நாள் கழித்து வெறுங்கையோடு திரும்பினாள். விலை படியவில்லையாம். புரூலுக்கு விலை படியாத சந்தை இந்த மலைநாட்டில் எங்கே இருக்கிறது?

சல்கின் பைக்குள் கைவிட்டாள். அடியில் இன்னும் ஒன்று கிடந்தது. கரும்பச்சை. கிழித்த ஓரத்தில் பிசிறு இன்னும் உதிர்ந்தது.

"அது வேணாம், வேற தர்றேன்," என்று புரூல் கை நீட்டுவதற்குள், துணியை வெளிச்சத்தில் பிடித்துவிட்டாள்.

குறுக்கே விரலகலத்துக்கு ஒரு வெளுத்த கோடு. மடிப்பில் வெயில் பட்டுச் சாயம் போன கோடு.

"எத்தனைக்கா, இது?"

புரூல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் நுழையவே மாட்டேன் என்றது.

"எண்பத்திரண்டு."

மூன்று வருஷத்துக்கு முன்னால், நாரின் சந்தையில், அந்தக் கோட்டைக் காட்டித்தான் அப்பா விலையைப் பாதியாக அடித்தார். சல்கின் பக்கத்தில் நின்றாள். 'என் சாவுக்குக் கிழிச்சுக் குடுக்கத்தான்யா வாங்குறேன். மாத்திக் குடுன்னு திரும்பி வந்து நிக்க மாட்டேன், பயப்படாதே.' கடைக்காரன் சிரித்துக்கொண்டே அளந்தான். அப்பா அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

வயிறு கல்லாக இறுகியது.

பிள்ளை பிறக்கும்வரை அதிர்ச்சி எதுவும் கூடாது என்று நர்ஸ் எல்லோரையும் வைத்துக்கொண்டுதான் சொல்லியிருந்தாள். சல்கின் கண்ணை மூடவில்லை. மூச்சை மெல்ல விட்டாள். மறுபடி மெல்ல விட்டாள். புரூல் மூச்சே விடவில்லை.

இறுக்கம் தளர்ந்தது.

கரும்பச்சையை நடுக்கட்டத்தில் வைத்தாள். சுற்றியிருந்த எட்டையும் அதற்குப் பிறகு மாற்ற வேண்டியிருக்கவில்லை.

"சாயந்திரம் உங்கப்பாவுக்குப் போன் போடுவோமாடி?" புரூலின் குரல் எங்கோ இருந்து வந்தது. "இப்ப தூங்கிட்டிருப்பாரு."

சல்கின் அவள் கையிலிருந்து ஊசியை வாங்கினாள். ஒரே தடவையில் நூலைக் கோத்தாள்.

"வேணாம்க்கா. தூங்கட்டும்."