அடியில் தங்குவது

பிணவறை அலுவலகத்து பெஞ்சில் அக்கா பிரேதப் பரிசோதனை அறிக்கையை மடியில் விரித்து வைத்திருக்கிறாள். ஜன்னல் வெயில் பாதித் தாளில் விழுகிறது. மின்விசிறி சுற்றுக்கு ஒரு தடவை முனகுகிறது. ஒரு சொல்லின் மேல் அவள் விரல் நின்றுவிட்டது. ஹைப்போஸ்டாசிஸ். "செமினரியில சாமியாருக்குப் பாதி படிச்சியே, இது என்னடா?" "கிரேக்கம்க்கா. அடியில தங்குறதுன்னு அர்த்தம். பழைய வைத்தியருங்க மூத்திரத்துல படியற வண்டலுக்குச் சொன்னாங்க. தத்துவக்காரங்க எல்லாத்துக்கும் அடியில இருக்கிற நிஜத்துக்குச் சொன்னாங்க. எங்க ஆளுங்க அதையே எடுத்து பிதா, சுதன், ஆவி ஒவ்வொருத்தருக்கும் வச்சுட்டாங்க." "மூத்திரத்துலேர்ந்து கடவுளா. அதான் ஓடி வந்துட்டியா?" சிரிக்கப் பார்க்கிறாள், வரவில்லை. "அப்பாவுக்கு எதுக்கு எழுதியிருக்காங்க?"

இதயம் நின்றதும் ரத்தம் உடம்பின் கீழ்ப்பக்கம் இறங்கிக் கறையாகப் படியும்; டாக்டர்கள் அதற்கும் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். ஏழெட்டு மணி நேரம் போய்விட்டால் விரலால் அழுத்தினாலும் கறை கலையாது. அப்பாவைக் கொண்டுவந்த அன்று காலை பத்து மணிக்கு டாக்டர் அழுத்தியபோதே கலையவில்லை என்று எழுதியிருக்கிறது. அன்று காலை ஆறு மணிக்கு அப்பா அறையை எட்டிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனவள் அக்கா. அப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாரே என்று இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. "நீ பார்க்கறதுக்கு முன்னாடியே போயிட்டார்க்கா. ராத்திரியே. உன் தப்பு எதுவும் இல்ல." அவள் தாளை நான்காக மடிக்கிறாள். மடிப்பை நகத்தால் நீவுகிறாள், திரும்பத் திரும்ப நீவுகிறாள். "கதவுகிட்ட நின்னு, போயிட்டு வரேம்ப்பான்னு சொன்னேன்டா. 'ம்'னு சொன்னாரே."