பதினாறாம் சேனல்

"ஒன்... ஒன்... ஒன்பது. நாலு... நாலு... நாலு... எட்டு."

குரல் மறுபடியும் வெட்டியது. பிறகு இரைச்சலில் முங்கிப்போனது.

அருள்தாஸ் லேப்டாப்பின் விளிம்பைப் பிடித்தபடி குனிந்திருந்தான்.

மணி பத்தரை. ஜெகதாப்பட்டினத்துப் போட்டுகள் எல்லாம் விடியலிலேயே கரைக்கு வந்துவிட்டன. அண்ணன் சூசைராஜ் ஓட்டிப்போன போட்டு மட்டும் வரவில்லை.

தேடிப் போக ஜெட்டியில் இரண்டு போட்டுகள் என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தன. எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும்.

ஆபத்து அழைப்புக்கான பதினாறாம் சேனலில் அண்ணன் போட்டிலிருந்து வந்த குரல், ஜெட்டியில் நின்ற போட்டுகளின் வயர்லெஸ் செட்டுக்கு எட்டவில்லை. ஐஸ் பிளாண்ட் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில், அங்கே எலக்ட்ரீஷியனாக இருக்கும் அருள்தாஸ் பொழுதுபோக்குக்குக் கட்டிவைத்த ஆன்டெனாவுக்கு எட்டியது. அதன் வயர், ரேடியோ அலையைப் பிடிக்கும் விரல் நீள டாங்கிள் ஒன்றில் முடிந்தது. டாங்கிள் லேப்டாப்பில் செருகியிருந்தது.

இதில் கேட்க மட்டும்தான் முடியும். பதில் சொல்ல முடியாது.

போட்டு நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பேப்பரில் எழுதியிருந்தான். 9, 4, 4, 4, 8. அடுத்த வரியில் 79, 2, 2, 6. எது லேப்டாப் திருப்பிச் சொன்ன எண், எது அண்ணன் சொன்ன எண்?

பிரவுசரை மூடினான். ஆன்டிவைரஸை நிறுத்தினான். திரையில் வண்ண வண்ணமாக இறங்கிக்கொண்டிருந்த அலைப்படத்தை அணைத்தான். சாம்பிள் ரேட்டைப் பாதியாகக் குறைத்தான்.

வெட்டு நிற்கவில்லை.

பேட்டரியில் ஓடினால் லேப்டாப் சோம்பும் என்று சார்ஜரைச் செருகினான். யுஎஸ்பி ஹப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு டாங்கிளை நேராகச் செருகினான். பஃபரைக் கூட்டினான்.

இரைச்சல் இப்போது ஓரிடத்திலும் அறுபடாமல் ஒரே சீராக ஓடியது.

குரல் மட்டும் வெட்டியது.

"சீ... சீ... சீக்..."

அண்ணன் குரல் இவ்வளவு தேய்ந்து கேட்பதற்கும் லேப்டாப்தான் காரணம் என்று நினைத்தான். இரைச்சலாவது குறையட்டும் என்று ஐஸ் பிளாண்டின் கம்ப்ரசர் மோட்டாரையும் நிறுத்தச் சொன்னான்.

"ஐஸ் உருகுனா மொத்தத்தையும் நீதான்டா குடிக்கணும்," என்றபடியே முதலாளி ஞானமணி சுவிட்சை அணைத்தார். "நல்லாக் கேளு. சோறு திங்கும்போதுகூட மைக்கை ஒருத்தன்ட்டயும் குடுக்காத ஆளு உங்கண்ணன். அவனா வாய மூடிக்கிட்டு இருப்பான்?"

மோட்டார் நின்றதும் இரைச்சல் தணிந்தது. குரல் கொஞ்சம் முன்னால் வந்தது.

அப்படியும் வெட்டியது.

"சவத்து லேப்டாப்பு!" அருள்தாஸ் மேசையில் ஓங்கிக் குத்தினான்.

காலையிலிருந்து வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி விறுவிறுவென்று உள்ளே வந்தாள். கார்த்திகா. அவள் புருஷன் நாகராசு அதே போட்டில் வலை இழுப்பவன்.

"அண்ணே, அதைப் போட்டு நோண்டாதீங்க. மிஷின்ல ஒண்ணுமில்ல."

"பின்ன ஏன் வெட்டுது?"

"வெட்டல. அது எங்க வீட்டுக்காரவுக. பதட்டமானா அவுகளுக்கு இப்படித்தான் திக்கும்."

பேனாவை அவளே எடுத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். குரல் நிற்கும் இடத்தில் அவள் உதடும் நின்றது. அது தாண்டியதும் தாண்டியது.

மூன்று நான்குகளில் இரண்டை அடித்தாள். கீழ் வரியில் இருந்த இரண்டு 2-இல் ஒன்றை அடித்தாள்.

9, 48. 79, 26.

பேப்பரோடு ஜெட்டிக்கு ஓடினாள். சற்று நேரத்தில் இரண்டு என்ஜின்களும் உறுமிக் கிளம்பிய சத்தம் கேட்டது.

"கெடச்சுட்டான்டா உங்கண்ணன்!" ஞானமணி அவன் முதுகில் தட்டினார். "யார்றா அங்க, எல்லாருக்கும் டீ சொல்லு."

அருள்தாஸ் திரும்பவில்லை.

ஒலியை முழுவதும் கூட்டி, ஸ்பீக்கரில் காதை வைத்தான்.

சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க என்று நாகராசு சொல்வது இப்போது தெளிவாகவே புரிந்தது.

மைக்கைப் பிடித்திருந்த நாகராசு திக்கி நின்ற இடங்களில் எல்லாம், அவனுக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்கிறதா என்று அருள்தாஸ் தேடிக்கொண்டிருந்தான்.