பார்க்க வேண்டிய மூன்று இடங்கள்

"இந்த வெள்ளைக்காரச் சனம் எல்லாம் ஒரே அச்சிலை வார்த்த மாதிரி," என்றார் மங்களேஸ்வரி, மரத் தேவாலயத்தை விட்டு வெளியே வந்தபடி. "ஒராளை மற்றாளிலையிருந்து பிரிச்சுப் பாக்கேலாது."

"அம்மா, அப்பிடிச் சொல்லக் கூடாது," என்றான் சயூரன்.

"ஏன்? வேலையிடத்திலை தமிழ் எண்டு ரெண்டு பேர்தான். இருபது வருஷமா என்னையும் மற்றவவின்ரை பேராலை தேவிகா எண்டுதான் கூப்பிடுகினம். அவைக்குப் பிடிபடாத முகம் எனக்கு மட்டும் பிடிபடோணுமோ?"

உள்ளே மழையங்கியோடு சாவிக்கொத்தைக் குலுக்கித் தேவாலயத்தின் கதை சொன்னவள்தான் எம்மா. இரண்டு வருடமாகச் சயூரன் வீட்டில் சொல்லாமல் காதலித்துவரும் எம்மா.

ஒஸ்லோவிலிருந்து மூன்று மணித்தியாலம் தள்ளி, ஆட்களைவிட ஆடுகள் கூடிய பள்ளத்தாக்கு அது. தேவாலயச் சாவி, அருங்காட்சியகம், கோப்பிக் கடை மூன்றும் எம்மாவின் தலையில்தான். யாரென்று தெரியாமலே அம்மாவுக்கு அவளைப் பிடிக்க வேண்டும், பிறகு கடையில் வைத்து உண்மையை மெல்ல அவிழ்க்க வேண்டும். பாலம் கட்டுகிற பொறியியலாளன் போட்ட திட்டம், நம்பலாம்.

வரும் ஞாயிறு டொரொண்டோக்காரர் ஒஸ்லோ புறநகர் புருசெத்தில் இருக்கும் அவன் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வருகிறார்கள். இன்று சொல்லாவிட்டால் அவன் கதை முடிந்தது.

காரில் ஏறியதும் அம்மா சொன்னார்: "மெல்லப் போ தம்பி. பின்னுக்கு ஒரு சிவப்புக் கார் அந்தரப்படுது. விடு, முந்தட்டும்."

சிவப்புக் கார் முந்திப் பறந்தது.

அருங்காட்சியகம் என்பது கூரையில் புல் முளைத்த ஒரு வீடு. வாசலில் நீளப் பாவாடையும் தலைத்துண்டுமாக எம்மா, மூச்சு வாங்க, வெண்ணெய் கடைகிற பீப்பாவைக் காட்டினாள்.

"இந்தப் பிள்ளை பரவாயில்லை," என்றார் அம்மா. "தேவாலயத்துப் பிள்ளைக்குக் கொஞ்சம் வாய் கூட."

சயூரன் தலையை ஆட்டிவைத்தான். வேறென்ன செய்வது?

கோப்பிக் கடையில் ஏப்ரனோடு வந்து வாஃபல் தட்டை வைத்தாள் எம்மா. ஏப்ரனுக்குக் கீழே அதே நீளப் பாவாடை, மாற்ற நேரம் கிடைக்கவில்லை. சயூரன் கண்ணை மூடிக்கொண்டான்.

"மூண்டு பேரிலையும் இவதான் வடிவு," என்றார் அம்மா. "என்ன, சாப்பாடு காணாது போலை."

அவனிடம் மிச்சமிருந்த துணிச்சலும் வாஃபலின் மேல் கிரீம் போலக் கரைந்தது. ஒரே பெண்ணை மூன்றாக எண்ணுகிறவரிடம் எந்த எம்மாவைப் பற்றிச் சொல்வது? டொரொண்டோவே வென்றது.

"வெளிக்கிடுவமோ அம்மா?"

அம்மா அசையவில்லை. தொடாத தட்டை எதிரேயிருந்த வெறுங்கதிரையின் பக்கம் தள்ளிவைத்தார்.

"முதல் என்ரை மருமோளை இருந்து சாப்பிடச் சொல்லு, காலமை துடக்கம் ஓடித் திரியுது பிள்ளை."